விசுவமடுவிலிருந்து தெல்லிப்பழை வரை: மார்புப் புற்றுநோய்ச் சிகிச்சைக்கு ஒரு பாவனையாளர் மதிப்புரை

மதிப்பெண்ணை முதலே சொல்லிவிடுகிறேன், வாசிக்க நேரமில்லாதவர்கள் இத்தோடு போகலாம். சிகிச்சைக்கு ஐந்துக்கு நாலரை. அந்தச் சிகிச்சையிடம் போய்ச் சேருகிற வழிக்கு ஐந்துக்கு இரண்டு, அந்த இரண்டிலும் ஒன்றரை எங்கள் பகுதி மிட்வைஃபுக்கு உரியது.

இலங்கையில் அரச ஆஸ்பத்திரியில் புற்றுநோய்க்கு ஒப்பரேசன், கீமோ, கறன்ற் பிடிக்கிறது என்று நாங்கள் சொல்கிற கதிர்வீச்சு எல்லாம் இலவசம். வெளிநாட்டில் இருக்கிற சொந்தங்களுக்கு இதைச் சொன்னால் "உண்மையாவோ, ஒரு சதமும் கட்டத் தேவையில்லையோ" என்று திரும்பத் திரும்பக் கேட்பார்கள். உண்மைதான். ஆனால் இலவசமாகத் தருகிற ஒன்றை வன்னிக்குள் இருந்து போய் எடுத்துவர என்ன செலவாகும், என்ன அலைச்சல் என்பதை யாரும் விவரமாக எழுதிக் காணவில்லை. போன் வாங்க முதல் நாலு ரிவியூ பார்க்கிறோம், இதற்கு ஒன்றாவது இருக்கட்டும்.

நோயாளி என் பெரியக்கா. வயது 47, விசுவமடுப் பக்கம் கச்சான் (நிலக்கடலை) போடுகிறவர், 2009இல் புருசனை இழந்தபின் இரண்டு பிள்ளைகளையும் தனியாக வளர்த்தவர். நான் கிளிநொச்சியில் ஒரு கடையில் கணக்கு எழுதுகிறேன். வீட்டில் லீவு சொல்லக்கூடிய ஒரே ஆள் என்பதால் துணைக்குப் போனது நான். அக்காவிடம் கேட்டுத்தான் எழுதுகிறேன். "பேரை மட்டும் போடாத, மற்றதெல்லாம் எழுது" என்றார்.

சரி, முதல் இடம் சுகவனிதையர் கிளினிக். எம்.ஓ.எச். ஒபிசோடு, அதாவது சுகாதார வைத்திய அதிகாரி பணிமனையோடு, சேர்ந்து நடக்கும். இது 1996 முதல் நாட்டில் இருக்கிறது என்பதே எங்கள் ஊரில் பாதிப் பேருக்குத் தெரியாது. முக்கியமாக 35 வயதையும் 45 வயதையும் தொட்ட பெண்களைக் கூப்பிடுகிறார்கள், மற்ற வயதுக்காரர் போனாலும் திருப்பி அனுப்புவதில்லை. பிரசர், சீனி, நிறை பார்ப்பார்கள், கருப்பைக் கழுத்துக்கு ஒரு பரிசோதனை, அதோடு மார்பைக் கையால் தடவிப் பார்ப்பது. எல்லாம் ஒரே காலையில் முடிந்துவிடும். ஒரு ரூபாய் இல்லை. வாங்கில் நெருக்குப்படவும் தேவையில்லை, ஏனென்றால் ஆட்கள் வருவதில்லை. எங்கள் சனத்துக்கு கிளினிக் என்றால் பிள்ளைத்தாய்ச்சிக்கு, அல்லது பிள்ளைக்கு ஊசி போட. வருத்தம் ஒன்றும் இல்லாத 45 வயது மனிசி கிளினிக்குக்குப் போனால் பக்கத்து வீட்டில் என்ன கதைப்பார்கள் என்று எல்லாருக்கும் தெரியும்.

அக்காவும் 45இல் போகவில்லை. குளிக்கும்போது கையில் ஏதோ தட்டுப்பட்டிருக்கிறது, நோவில்லை, அதனால் விட்டுவிட்டார். இந்த நோவில்லை என்பதுதான் எல்லாரையும் ஏமாற்றுகிற இடம். மார்பில் வருகிற புற்றுக்கட்டி ஆரம்பத்தில் பெரும்பாலும் நோகாது. நொந்தால் அடுத்த நாளே ஓடிப்போய்க் காட்டியிருப்பார். மிட்வைஃப் வேறு யாருடையோ பிள்ளையின் நிறை பார்க்க வந்தவர், கச்சான் புடுங்கிக்கொண்டிருந்த அக்காவைக் கண்டு தோட்ட வரம்பிலேயே நின்று கதைத்து, கொப்பியில் பெயர் எழுதி, அடுத்த கிளினிக் நாளன்று காலமை போன் எடுத்து "வெளிக்கிட்டிட்டீங்களோ அக்கா" என்று கேட்டவர். ஒரு மிட்வைஃபுக்கு ஏறக்குறைய 3000 பேர் என்பது கணக்கு, எங்கள் பக்கம் ஆள் பற்றாக்குறையால் ஒருவரே இரண்டு பகுதியைப் பார்ப்பதும் நடக்கிறது. அதற்குள் ஒரு ஆளுக்குப் போன் எடுத்தார் என்றால் அதற்கு நான் எத்தனை புள்ளி போட்டாலும் காணாது.

அந்த அறையைப் பற்றியும் சொல்லவேண்டும், கூச்சத்தில் போகாமல் இருக்கிறவர்களுக்கு அது தெரிந்தால் நல்லது. பார்த்தவர் பெண் டொக்டர். திரைச்சீலை கம்பியில் நிற்காமல் வழுக்க, இரண்டு உடுப்புக் கிளிப்பால் பிடித்து வைத்திருந்தார்கள். கையைத் தலைக்குப் பின்னால் வைக்கச் சொல்லி, மூன்று விரலின் உட்பக்கத்தால் சின்னச் சின்ன வட்டமாக அழுத்திக்கொண்டே வெளியிலிருந்து உள்ளே வந்து, பிறகு கமக்கட்டுக்குள்ளும் பார்த்தார். கமக்கட்டில் கை நின்றதும் கதையை நிறுத்தினார். இரண்டு மார்பையும் ஒரே மாதிரி முழுதாகப் பார்த்து முடித்த பிறகுதான் கட்டியைப் பற்றி வாய் திறந்தார். அதே இடத்திலேயே வீட்டில் தானாகப் பார்க்கிற முறையையும் சொல்லிக் கொடுத்தார்கள்: மாதவிலக்கு வந்து ஒரு கிழமைக்குப் பிறகு, பத்து நாளுக்குள், மாதவிலக்கு நின்றவர்கள் மாதத்தில் ஏதாவது ஒரு குறித்த திகதியில். 20 வயதுக்கு மேல் எல்லாரும் பார்க்கலாம். 40க்கு மேல் வருசத்துக்கு ஒருமுறை கிளினிக்கில் காட்டச் சொல்கிறார்கள். எங்கள் நாட்டில் எல்லாப் பெண்களுக்கும் மமோகிராம், அதாவது மார்புக்கு எக்ஸ்றே, எடுக்கிற திட்டம் கிடையாது, ஆகவே வன்னிப் பெண்ணுக்கு அந்த டொக்டரின் மூன்று விரல்தான் மமோகிராம். இந்தக் கிளினிக்குக்கு முழுப் புள்ளி.

இனிக் கரைச்சலான பகுதி. துண்டு எழுதித் தந்தார்கள், பெரிய ஆஸ்பத்திரியில் சத்திரசிகிச்சைக் கிளினிக்குக்குப் போகச் சொல்லி. எந்த ஆஸ்பத்திரி என்று எழுதப் போவதில்லை, அங்கே வேலை செய்கிற பாதிப் பேர் நல்லவர்கள், மிச்சப் பேர் களைத்தவர்கள். உலக சுகாதார நிறுவனம் 2021இல் மார்புப் புற்றுநோய்க்கென்று ஒரு திட்டம் தொடங்கியது. அதில் மூன்று இலக்கு வைத்திருக்கிறார்கள்: நோயில் 60 வீதத்துக்கு மேல் முதல் இரண்டு கட்டத்துக்குள் கண்டுபிடிக்கப்படவேண்டும், கட்டியோடு முதன்முதல் வைத்தியரிடம் போனதிலிருந்து 60 நாளுக்குள் இது என்ன என்ற முடிவு கையில் கிடைக்கவேண்டும், 80 வீதமான நோயாளிகள் சிகிச்சையை நடுவில் விடாமல் முடிக்கவேண்டும். இந்த மூன்றில் நடுவில் உள்ளதை எடுத்து எங்கள் பாதைக்கு வைத்துப் பாருங்கள். கட்டி என்று ஒரு நாள். ஸ்கானுக்கு வேறொரு நாள். மமோகிராமுக்குத் திகதி. ஊசியால் சதைத் துண்டு எடுக்க இன்னொரு திகதி. அந்தத் துண்டு ஆய்வுகூடத்துக்குப் பயணம் போகவேண்டும், அதைப் பார்த்துச் சொல்கிற நோயியல் வைத்தியர்கள் நாட்டிலேயே குறைவு. புற்றுத்தான் என்று வந்தபிறகும் முடியவில்லை, அது எந்த வகை, ஹோர்மோனுக்குக் கட்டுப்படுமா, புற்றை வேகமாக வளரவைக்கிற ஹெர்2 என்கிற புரதம் கூடுதலாக இருக்கிறதா என்று அதே துண்டில் வேறு பரிசோதனை செய்யவேண்டும். அது இல்லாமல் எந்த மருந்து என்று தீர்மானிக்க ஏலாது. ஒவ்வொன்றுக்கும் இடையில் "ரெண்டு கிழமை கழிச்சு வாங்கோ". அக்காவுக்கு அந்த அறுபது நாள் எப்போதோ ஓடிப்போய்விட்டது.

இதிலே உண்மையான தாமதம் மிசினாலோ டொக்டராலோ வந்திருந்தால் நான் பேசாமல் இருந்திருப்பேன். ரிப்போட் வந்து லாச்சிக்குள் கிடந்தது. அடையாள அட்டையில் அக்காவின் பெயர் ஒரு மாதிரி ஆங்கிலத்தில், கிளினிக் கொப்பியில் வேறு மாதிரி, ஆய்வுகூடத் துண்டில் தகப்பன் பெயர் முன்னால் வந்து இன்னொரு மாதிரி. கவுண்டரில் இருந்தவர் கொப்பியில் உள்ளதை வைத்துத் தேடிவிட்டு "இன்னும் வரேல்ல அம்மா" என்று அனுப்பிக்கொண்டிருந்தார். கடைசியில் ஒரு தாதி முழுக் கட்டையும் மேசையில் கொட்டி அடையாள அட்டை இலக்கத்தை வைத்து எடுத்துத் தந்தார். எனவே போகிற எல்லா இடத்திலும் பெயரைச் சொல்லாதீர்கள், அடையாள அட்டை இலக்கத்தைச் சொல்லுங்கள், எழுதுகிறவரின் தோளுக்கு மேலால் எட்டிப் பார்த்து இலக்கம் சரியா என்று பாருங்கள். அவர்களுக்கு எரிச்சல் வரும், வரட்டும்.

காசு கொடுத்து வெளியில் செய்யலாமே என்று கேட்பீர்கள். செய்யலாம், பலர் நகையை அடைவு வைத்துச் செய்கிறார்கள். என் கருத்து என்னவென்றால், பெரிய டொக்டரைத் தனியாரில் காசு கட்டிச் சனல் பண்ணுவதற்கு அந்தக் காசைச் செலவழிக்காதீர்கள், அதே டொக்டரை அரச கிளினிக்கில் காணலாம், ஐந்து நிமிசம் பார்த்துவிட்டு அதே பரிசோதனைகளைத்தான் எழுதித் தருவார். கையில் கொஞ்சம் காசு இருந்தால் அதைச் சதைத் துண்டுப் பரிசோதனைக்கு வையுங்கள், மாதக்கணக்கு மிச்சமாவது அங்கேதான். இல்லாதவர்கள் கடன் வாங்கிச் செய்யவேண்டாம்.

காத்திருக்கிற இந்தக் காலத்தில்தான் ஊர்ப் புத்திமதி குவியும். ஊசி குத்தினால் பரவும், கத்தி பட்டால் உடம்பெல்லாம் போகும், முள்ளு அன்னமுன்னா இலை அவித்துக் குடி, இன்ன கோயிலுக்கு நேர்ந்துவிடு. நேர்த்தியில் எனக்கு ஆட்சேபம் இல்லை. ஊசி குத்தினால் பரவும் என்பது பொய், அந்தப் பொய்யை நம்பிச் சிகிச்சைக்குப் போகாமல் புண் வெடித்து மணக்கத் தொடங்கிய பிறகு வந்த பெண்களை வார்டில் கண்டேன். கீமோ நடக்கும்போது இலை, வேர், கசாயம் எதுவானாலும் டொக்டரிடம் சொல்லிவிட்டுக் குடியுங்கள், ஈரலுக்கு இரண்டும் சேர்ந்து பாரமாகும். "நான் என்ன பாவம் செய்தன்" என்று அக்கா கேட்டுக்கொண்டே இருந்தார். மார்புப் புற்றுநோய் வருகிறவர்களில் ஏறத்தாழப் பாதிப் பேருக்குப் பெண்ணாகப் பிறந்ததையும் வயது போனதையும் தவிர வேறு குறித்த காரணம் இருப்பதில்லை என்று உலக சுகாதார நிறுவனமே சொல்கிறது. இதை வாசித்துக் காட்டினேன். கேட்டுவிட்டு "அப்ப பொம்பிளையாப் பிறந்ததுதான் பாவம்" என்றார்.

பாதை. புற்றுநோய்ச் சிகிச்சை நடக்கிற தெல்லிப்பழை ஆஸ்பத்திரிக்குக் காலை கிளினிக் என்றால் முதல் பஸ்ஸைப் பிடிக்கவேண்டும். அக்காவின் வீட்டிலிருந்து பரந்தன் வீதிக்கு வருகிற ஒழுங்கை யானை இறங்குகிற பக்கம். இருட்டோடு ரோச் அடித்துக்கொண்டு தனியே வர ஏலாது, மூத்த பெடியன் சைக்கிளில் ஏற்றிவந்து விட்டுவிட்டுப் பள்ளிக்கூடம் போவான். பரந்தனுக்கு ஒரு பஸ், யாழ்ப்பாணத்துக்கு ஒன்று, அங்கிருந்து காங்கேசன்துறைப் பக்கம் போகிறதில் ஏறவேண்டும். ரயில் வசதியானது, 2015 தொடக்கத்திலிருந்து காங்கேசன்துறை வரை ஓடுகிறது, தெல்லிப்பழையிலேயே ஸ்ரேசனும் இருக்கிறது, ஆனால் கிளினிக் நேரத்துக்கும் அதன் நேரத்துக்கும் ஒத்துவந்தால்தான். போகும்போது பஸ் பரவாயில்லை. கீமோ ஏற்றிக்கொண்டு திரும்பி வரும்போதுதான் அதன் கொடுமை, ஆனையிறவு வெளியில் யன்னல் பக்கம் இருந்தும் அக்காவுக்குப் பொலித்தீன் பை தேவைப்பட்டது. ஆட்டோ பிடித்தால் ஒரு மாதச் சாப்பாட்டுக் காசு போகும். 2022இல் எரிபொருளுக்கு வரிசையில் நின்ற காலத்தில் கீமோ நடந்தவர்களின் கதையை வார்டில் கேட்டிருக்கிறேன், பஸ் இல்லாமல் திகதியைத் தவறவிட்டவர்கள், ஆஸ்பத்திரியில் மருந்து முடிந்து வெளியில் வாங்கச் சொல்லித் துண்டு வாங்கியவர்கள். அவர்களுக்கு முன்னால் எங்கள் பாடு ஒன்றும் இல்லை.

போக்குவரத்தோடு முடிவதில்லை. நாட்கூலி போகும். கச்சான் களை பிடுங்க ஆள் பிடிக்கவேண்டும். துணைக்கு வருகிறவரின் கூலியும் போகும். நுண்கடன் கொம்பனிக்காரர் ஒவ்வொரு கிழமையும் ஒரு குறித்த நாளில் வருவார், அந்த நாளும் கீமோ நாளும் ஒன்றாக வந்தால் குழுவில் உள்ள மற்றப் பெண்கள் அக்காவின் பங்கையும் சேர்த்துக் கட்டவேண்டும். ஒருமுறை கட்டினார்கள். அடுத்தமுறை அந்தப் பெண்களின் முகம் மாறியது, அவர்களைக் குறைசொல்லவும் ஏலாது. உலக சுகாதார நிறுவனத்தின் மூன்றாவது இலக்கு, 80 வீதமானவர்கள் சிகிச்சையை முடிக்கவேண்டும் என்பது, வன்னியில் இந்தக் கொம்பனிக்காரரின் மோட்டார் சைக்கிளில்தான் தங்கியிருக்கிறது.

இனி நாலரைப் புள்ளிக்கு வருகிறேன். தெல்லிப்பழை. கொஞ்சம் வயதானவர்களைக் கேட்டால் சொல்வார்கள், முன்பு வடக்கிலிருந்து பலர் கொழும்புக்குப் பக்கத்தில் மகரகமைப் புற்றுநோய் ஆஸ்பத்திரிக்குத்தான் போனார்கள். கிளிநொச்சியிலிருந்து 300 கிலோமீற்றருக்கு மேல், சிங்களம் தெரியாதவர்கள் யாரையாவது மொழிபெயர்க்கக் கூட்டிக்கொண்டு போய், வார்டுக்கு வெளியே பாய் போட்டுப் படுத்து. 2011இல் தெற்கே தெய்வேந்திரமுனையிலிருந்து பருத்தித்துறை வரை சுமார் 670 கிலோமீற்றர் நடந்து காசு சேர்த்தார்களே, 'ட்ரெயில்' என்று, நாதன் சிவகணநாதனும் சரிந்த உணம்புவவும் தொடங்கிய நடை, அந்தக் காசில்தான் தெல்லிப்பழையில் இந்தப் புற்றுநோய் வைத்தியசாலைக் கட்டிடம் எழும்பியது. சண்டை முடிந்து இரண்டே வருசத்தில் தெற்கிலிருந்து நடந்து வந்து வடக்கில் ஆஸ்பத்திரி கட்டக் காசு சேர்த்தார்கள் என்பதை எங்கள் பிள்ளைகளுக்குப் பள்ளிக்கூடத்தில் சொல்லிக் கொடுக்கலாம், ஆனால் யாரும் சொல்லிக் கொடுப்பதாகத் தெரியவில்லை.

உள்ளே எல்லாம் தமிழில் நடக்கிறது. இது சின்ன விசயம் என்று நினைக்காதீர்கள். கீமோ ஏற்ற முதல் ஒரு தாதி அக்காவுக்குப் பக்கத்தில் கதிரையை இழுத்துப் போட்டிருந்து, இந்தச் சிவப்பு மருந்து போனபிறகு சலம் சிவப்பாகப் போகும், இரத்தம் என்று பயப்படாதே, இரண்டு மூன்று கிழமையில் தலைமயிர் கொட்டும், அதுக்கு முதலே கட்டையாக வெட்டிவிடு, வாய்க்குள் புண் வந்தால் உப்புத் தண்ணியில் கொப்பளி என்று ஒவ்வொன்றாகச் சொன்னார். அக்கா எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு "கச்சான் சாப்பிடலாமோ" என்று கேட்டார். கழுவி, நல்லா அவித்ததென்றால் சாப்பிடலாம் என்றார். அவித்த கச்சான் அடுத்தமுறை ஒரு பையில் அந்தத் தாதிக்குப் போனது.

அந்தத் தாதி சொன்னதில் ஒன்றை மட்டும் எல்லாரும் சுவரில் எழுதி ஒட்டவேண்டும். கீமோ நடக்கிற காலத்தில் காய்ச்சல் 38 பாகை செல்சியசைத் தொட்டால் பனடோல் போட்டுக்கொண்டு விடியட்டும் என்று இருக்கக்கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கிற நேரம், கிருமி பிடித்தால் ஒரு இரவே காணும் ஆளைக் கொண்டுபோக. பக்கத்தில் எந்த ஆஸ்பத்திரியோ அங்கே போய், வாசலிலேயே "கீமோ எடுக்கிற ஆள்" என்று சொல்லவேண்டும், வரிசையில் நிற்கக்கூடாது. எங்கள் வீட்டில் காய்ச்சல் பார்க்கிற கருவியே இருக்கவில்லை, ஊரில் பல வீட்டிலும் இல்லை, கையைத் தொட்டுத்தான் காய்ச்சல் பார்ப்போம். பார்மசியில் ஒன்று வாங்கி வையுங்கள், இந்த முழு நோய்க்கும் சொந்தக் காசில் வாங்கியதில் பெறுமதியானது அதுதான்.

ஒப்பரேசனைப் பற்றிக் கேட்கிறவர்களுக்கு. கட்டியை மட்டும் எடுத்து மார்பை வைத்திருக்கலாம், அல்லது முழுவதையும் எடுக்கலாம். கட்டியை மட்டும் எடுத்தால் பிறகு பெரும்பாலும் கறன்ற் கட்டாயம் பிடிக்கவேண்டும், அது கிழமை நாட்களில் தினமும் மூன்று கிழமை, சிலருக்கு ஐந்து கிழமை போகும். இதைக் கேட்டதும் தூர இடத்துப் பெண்கள் என்ன நினைப்பார்கள் என்று யோசியுங்கள். அக்காவும் அதையே நினைத்தார்: முழுதாக எடுத்துவிட்டால் இந்த அலைச்சல் இல்லைத்தானே. யாழ்ப்பாணம் ரவுணில் இருக்கிற பெண்ணுக்கு மார்பு மிஞ்சும், வன்னிக்குள் இருக்கிறவருக்கு மிஞ்சாது, நோய் ஒரே அளவாக இருந்தாலும். இது எந்த டொக்டரும் செய்த பிழை இல்லை, பஸ் செய்கிற பிழை. அக்காவுக்கு முழுதாக எடுத்தும், கமக்கட்டு நிணநீர் முடிச்சுகளில் நோய் இருந்ததால் கறன்ற் பிடிக்கத்தான் வேண்டியிருந்தது. சுன்னாகத்தில் அண்ணியின் சொந்தக்காரர் வீட்டில் விறாந்தையில் ஒரு கட்டில் கிடைத்தது, அதனால் தப்பினோம். யாழ்ப்பாணத்தில் ஒரு சொந்தக்காரர் இருப்பது வன்னி நோயாளிக்கு ஒரு மருந்து மாதிரி, அது எந்தப் பட்டியலிலும் இல்லாத மருந்து. சொந்தம் இல்லாதவர்கள் முதல் நாளே டொக்டரிடம் தங்குவதற்கு வழி கேளுங்கள், கடைசிக் கிழமையில் கேட்காதீர்கள்.

கமக்கட்டு முடிச்சுகளை எடுத்த பக்கத்துக் கை வீங்கும் ஆபத்து எப்போதும் இருக்கிறது. கிணற்றில் தண்ணி அள்ளுகிறவர், விறகு சுமக்கிறவர், மண்வெட்டி பிடிக்கிறவர் என்ன செய்வது? சும்மா இருக்கச் சொன்னால் இருக்கமாட்டார். பயிற்சி சொல்லித் தந்தார்கள்: சுவரைப் பார்த்து நின்று விரல்களை எறும்பு ஏறுகிற மாதிரி மேலே ஏற்றுவது. அக்கா தினமும் எட்டிய இடத்தைக் குசினிச் சுவரில் கரித்துண்டால் கோடு போட்டு வைத்தார். முதல் கோடு இடுப்புக்குக் கொஞ்சம் மேலே. இப்போது கோடுகள் யன்னல் மேல்கட்டையைத் தாண்டிவிட்டன. சின்னவள் பக்கத்தில் தன் உயரத்தையும் கோடு போட்டிருக்கிறாள், யார் கோடு யாருடையது என்று இப்போது ஒருவருக்கும் தெரியாது.

இலவசத்தில் வராதது ஒன்று இருக்கிறது, எடுத்த மார்புக்குப் பதிலாகச் சட்டைக்குள் வைக்கிறது. சிலிக்கனில் செய்தது கொழும்பில் விற்கிறார்கள், விலை கேட்டுவிட்டுப் போனை வைத்துவிட்டோம். கிளிநொச்சிச் சந்தைப் பக்கம் ஒரு தையல் அக்காவிடம் போனோம். அவர் ஏன், எதற்கு என்று ஒரு கேள்வி கேட்கவில்லை, கதவைச் சாத்திவிட்டு அளவு எடுத்தார். பருத்தித் துணியில் பை தைத்து, உள்ளே பாரத்துக்குக் குரக்கன், மேலே பஞ்சு. மேற்சட்டையின் உட்பக்கம் அதற்கு ஒரு பொக்கற். பாரம் முக்கியம், வெறும் பஞ்சு வைத்தால் அது மேலே ஏறிவிடும், தோளும் ஒரு பக்கம் சரியும். குறை என்னவென்றால் குரக்கனை நனைக்க ஏலாது, வேர்வையில் ஈரமானால் வெயிலில் கொட்டிக் காயவைக்கவேண்டும், ஒருமுறை கோழி வந்து கொத்திவிட்டது. அக்கா விழுந்து விழுந்து சிரித்தது நோய் வந்தபிறகு அன்றைக்குத்தான். தையலுக்கு ஐந்துக்கு ஐந்து. வாங்கிய கூலியை எழுதினால் எல்லாரும் அதே விலைக்குக் கேட்பீர்கள், எழுதவில்லை.

ஏன் இவ்வளவு கணக்குப் பார்க்கிறேன் என்றால், ஐந்து வருசம் உயிரோடு இருக்கிறவர்களின் அளவு பணக்கார நாடுகளில் 90 வீதத்துக்கு மேல், இந்தியாவில் 66, தென்னாபிரிக்காவில் 40. நோயும் மருந்தும் பெரும்பாலும் ஒன்றுதான். எந்தக் கட்டத்தில் கண்டுபிடித்தது, தொடங்கியதை முடித்ததா என்பதில்தான் வித்தியாசம். அதனால் ஒக்டோபரில் பிங்க் றிபன் குத்திக்கொண்டு ஏ9 வீதியில் நடக்கிறவர்களிடம் ஒரு வேண்டுகோள்: அந்த நடையை அடுத்தமுறை சுகவனிதையர் கிளினிக் வாசல் வரை நடவுங்கள், ஒவ்வொருவரும் ஒரு மனிசியைக் கூட்டிக்கொண்டு. கிளிநொச்சி மாவட்டப் பொது வைத்தியசாலையில் 2024 மே மாதம் நெதர்லாந்து உதவியோடு பெண்களுக்கென்று ஒரு பெரிய சுகாதார நிலையம் திறந்தார்கள். கட்டிடம் நல்ல வடிவு. ஸ்கான், சதைத் துண்டு, ரிப்போட் மூன்றும் அந்த ஒரே கூரைக்குள் ஒரு மாதத்தில் முடிகிற நாள் வந்தால் இந்த மதிப்புரையில் பாதியை அழித்துவிடுவேன்.

சிகிச்சையில் அரைப் புள்ளி எங்கே குறைத்தேன் என்று சொல்லவில்லை. அக்காவின் நோய் ஹோர்மோனுக்குக் கட்டுப்படுகிற வகை. அதனால் இப்போது தமொக்சிபென், 20 மில்லிகிராம், ஒரு நாளைக்கு ஒரு குளிசை, ஐந்து வருசம். இது உலகத்தில் எத்தனையோ காலமாகப் பாவிக்கிற, மலிவான, பழைய குளிசை. ஊசியோ மிசினோ தேவையில்லை. பிரசர் குளிசை தருகிற எந்த ஊர் ஆஸ்பத்திரியிலும் இதையும் தரலாம். ஊரில் கேட்டால் ஒருமுறை இருந்தது, அடுத்தமுறை இல்லை, அதற்கடுத்தமுறை "கிளினிக்கிலதான் எடுக்கவேணும்" என்றார்கள். ஆகவே ஒரு சின்னக் குளிசைப் பைக்காக மறுபடி அந்த முதல் பஸ். சிலர் குளிசை முடிந்து பத்து நாள், பதினைந்து நாள் கழித்துத்தான் போகிறார்கள், இப்போது நோவில்லைத்தானே என்று. நாங்கள் முடிய இரண்டு கிழமை இருக்கும்போதே போகிறோம். வெளியில் வாங்கினாலும் பெரிய விலை இல்லை, கைகாவலுக்கு ஒரு மாதத்துக்கு உரியதை வீட்டில் வைத்திருங்கள், பெட்டியில் காலாவதித் திகதி பார்த்து வாங்குங்கள்.